கழுதையோடு மோன் லோசேர்: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் நடை

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் லியோனிலிருந்து கிளம்புகிறோம் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்து நான்கு நாளாகிறது. காலணியில் ஒட்டிய மண்ணைக்கூட இன்னும் தட்டவில்லை. ஆறின கஞ்சி ஆகிவிடும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வயதுப் பையனையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு மலையில் நடக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் கழுதை வேண்டும்.

நாங்கள் போனது செவென் மலைப்பகுதி, லோசேர் மாவட்டம். பிரான்சிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். ஜி.ஆர். 70 என்ற நீண்டதூர நடைபயணப் பாதை அந்த வழியாகப் போகிறது. எல்லோரும் அதை ஸ்டீவன்சன் பாதை என்றுதான் சொல்வார்கள். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1878 செப்டம்பரில் மோதெஸ்தீன் என்ற கழுதையோடு பன்னிரண்டு நாள் நடந்த வழி இது. 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து அதை வாங்கினாராம். இன்று அந்தப் பாதையை லெ புயியிலிருந்து அலேஸ் வரை நீட்டியிருக்கிறார்கள், சுமார் 270 கிலோமீட்டர். முழுவதும் நடப்பது பிள்ளைகளோடு நடக்கிற காரியமில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு துண்டு: லெ ப்ளேமாரிலிருந்து மோன் லோசேர் உச்சியைத் தாண்டி லெ போன் து மோன்வேர் வரை. பெரியவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுகிற, 19 கிலோமீட்டர் போல வரும் அந்தத் தூரத்தை இரண்டு நாளாகப் பிரித்தோம்.

சரி, கழுதைக்கு வருவோம். இந்தப் பாதையில் கழுதை வாடகைக்குக் கிடைக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் நாம் கிளம்பும் ஊருக்கே வேனில் கொண்டுவந்து தருவார்கள், முடிக்கிற ஊரில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு வந்தவள் பெயர் நுவாசெத். சாம்பல் நிறம், முதுகில் கறுப்பாக ஒரு கோடு, காதுக்குள் பஞ்சு மாதிரி முடி. அவளைக் கொண்டுவந்த அம்மா எங்களுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். அந்த முக்கால் மணி நேரமும் பிள்ளைகள் இரண்டும் அசையாமல் நின்று கேட்டார்கள், அப்படி நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் முதுகைத் தேய்க்க வேண்டும். சேணம் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மண் கட்டியோ முள்ளோ இருந்தால்கூட, நடக்க நடக்க அது உரசி புண்ணாகிவிடும். அதனால் பிரஷ் போட்ட பிறகு உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொன்னார். அப்புறம் குளம்பு. காலை மெல்லத் தூக்கி, வளைந்த இரும்புக் கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சுரண்ட வேண்டும். நடுவில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும், அதன்மேல் கொக்கி படக் கூடாது. என் பெண் முதல் காலிலேயே ஒரு கூழாங்கல்லை எடுத்துவிட்டாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள், இன்னும் அவள் மேசைமேல் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள் சம எடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து அவளுக்கு வலிக்கும். கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றைக் கொடுத்தார். இந்தப் பையில் தண்ணீர் பாட்டிலைப் போடு, அந்தப் பையில் ரொட்டியை வை, ஒரு ஜாக்கெட்டை இங்கிருந்து அங்கே மாற்று என்று பையன்தான் கணக்குப் பார்த்தான். மொத்தம் 40 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றார். பிள்ளை ஏறி உட்கார வேண்டுமென்றால் மூட்டை குறைய வேண்டும், இரண்டும் ஒன்றாகக் கிடையாது.

முதல் நாள் ஏழு கிலோமீட்டர் போல ஏற்றம். லெ ப்ளேமார் ஆயிரத்து சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் இரவு தங்கிய இடம் 1400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பைன் காட்டுக்குள் பாதை போகிறது. ஸ்டீவன்சன் இந்தப் பக்கத்துப் பைன் மரங்களுக்கு நடுவேதான் ஓர் இரவு வெட்டவெளியில் படுத்துத் தூங்கினார். காலையில் எழுந்து, தங்கியதற்கு வாடகையாகப் புல்லின்மேல் காசு வைத்துவிட்டுப் போனார். இதைச் சொன்னதும் பையன் உடனே காசு கேட்டான். இருபது சென்ட் நாணயம் ஒன்று கொடுத்தேன். எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் இடம் தேடினான், அந்த அரை மணி நேரமும் கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழி கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். மரத்திலும் பாறையிலும் வெள்ளைக் கோடும் அதன்கீழ் சிவப்புக் கோடும் இருந்தால் அது ஜி.ஆர். பாதை. மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் அந்த ஊரைச் சுற்றிவரும் சின்ன நடை, குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு அதுதான் நல்ல தொடக்கம். இரண்டு நிறமும் குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. நடைபயணக் கூட்டமைப்பின் தன்னார்வலர்கள்தான் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் இதையெல்லாம் வரைகிறார்கள். ஒரு பிரிவில் நான் பேசிக்கொண்டே நேராகப் போய்விட்டேன். பின்னாலிருந்து என் பெண், "அம்மா, பெருக்கல் குறி!" என்று கத்தினாள். இருநூறு மீட்டர் திரும்பி நடந்தோம். அதன் பிறகு அவள்தான் முன்னால் போனாள்.

இரண்டாம் நாள் மேலே போனதும் மரங்கள் நின்றுவிடுகின்றன. புல்வெளி, ஊதாப் பூப் புதர்கள், யானை படுத்திருப்பது மாதிரி கருங்கல் பாறைகள். உச்சிவரை வழியோரம் ஆள் உயரக் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, மோன்ஷுவா என்கிறார்கள். பனி மூடினாலும் மூடுபனி இறங்கினாலும் வழி தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் நட்டவை. மலையைச் சுற்றியுள்ள சில குக்கிராமங்களில் இதற்காகவே தனியாக மணிக்கூண்டு கட்டியிருக்கிறார்கள். பனிப்புயலில் யாராவது மாட்டிக்கொண்டால் சத்தத்தை வைத்து ஊர் வந்து சேரட்டும் என்று விடாமல் மணி அடிப்பார்களாம். முகம் தெரியாத வழிப்போக்கனுக்காக ஓர் ஊரே முறைவைத்து மணி அடித்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மோன் லோசேரின் மிக உயரமான இடமான பினியேல் உச்சி 1699 மீட்டர். நாங்கள் பத்தரைக்கே மேலே போய்விட்டோம். ஆகஸ்டில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வரும், மொட்டை மலையில் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பியே ஆக வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. அடுத்தது, இலையுதிர் காலத்தில் செவெனில் ஒரே நாளில் பேய்மழை கொட்டி ஓடைகள் பெருகிவிடும். பிரான்சின் வானிலை மையமான மெத்தியோ பிரான்சின் எச்சரிக்கை வரைபடத்தில் ஆரஞ்சு நிறம் காட்டினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இறக்கத்தில்தான் சோதனை. ஒரு சின்ன ஓடை, பையன் ஒரே தாண்டில் தாண்டிவிட்டான். நுவாசெத் நின்றுவிட்டாள். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டாள். இழுக்க இழுக்க இன்னும் பின்னால் சாய்ந்தாள். பத்து நிமிடம் போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது: கழுதைக்குத் தண்ணீரின் ஆழம் தெரியாது, அதனால்தான் நிற்கும், அது பிடிவாதம் இல்லை, யோசனை. கயிற்றைத் தளர்த்திவிட்டு எல்லோரும் அக்கரையில் உட்கார்ந்தோம். என் பெண் மட்டும் திரும்பி வந்து அவள் தோளருகே நின்று, தன் காலால் தண்ணீரைக் கலக்கிக் காட்டினாள். நுவாசெத் குனிந்தாள், முகர்ந்தாள், ஒரு குளம்பை வைத்தாள். அவ்வளவுதான், தாண்டிவிட்டாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். வழியிலுள்ள தங்குமிடங்களில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், போய் இறங்கிய பிறகு சொன்னால் கஷ்டம். எங்களுக்கு அலிகோ கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள், கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு நூல் நூலாக வரும். பையன் மூன்று தடவை வாங்கினான். கடையை நம்பிப் போகாதீர்கள், கிராமங்களில் மத்தியானம் இரண்டு மணி நேரம் பூட்டிவிடுவார்கள், ஞாயிறு மாலை கேட்கவே வேண்டாம்.

லெ போன் து மோன்வேரில் தார்ன் ஆறு ஊருக்கு நடுவே பாறைகளில் இறங்கி ஓடுகிறது. மேலே கல் பாலம், பாலத்து முனையில் கடிகாரக் கோபுரம். நாங்கள் மூட்டையை அவிழ்த்ததும் நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டோம். ஐஸ் மாதிரி இருந்தது. நான்கு மணிக்கு வேன் வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் பையன் தானாகவே குளம்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு போனான். நான்கு காலையும் பார்த்துவிட்டு, "கல் எதுவும் இல்லை, இப்போது போகலாம்" என்று அந்த அம்மாவிடம் பிரெஞ்சில் சொன்னான்.

அங்கிருந்து பிளோராக் வரையுள்ள அடுத்த துண்டை வரும் ஜூனில் நடக்கப் போகிறோம். அப்போதுதான் ஆட்டு மந்தைகள் கோடை மேய்ச்சலுக்கு மலையேறும். நுவாசெத்தே கிடைப்பாளா என்று இன்று காலையே மெயில் அனுப்பிவிட்டேன்.