ஊருக்கு வாங்க, வந்ததும் போர்வெல் போட்டுறாதீங்க

மேடையில இருக்குற பெரியவங்களுக்கும், முன்னாடி பாய்ல உக்காந்திருக்குற அக்கா தங்கச்சிகளுக்கும், மெட்ராஸ் திருப்பூர்னு லீவு போட்டு வந்திருக்குற நம்ம பயலுகளுக்கும் வணக்கம். பத்து நிமிஷம்னு சொல்லித்தான் மைக்கக் குடுத்திருக்காங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துர்றேன்.

நம்ம ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துல இருந்து மெட்ராஸ் போன என் செட்டு ஆளுக பாதிப்பேரு இப்ப ரிட்டயர்டு. புள்ளைங்கள கட்டிக் குடுத்தாச்சு, இனி சொந்த ஊர்ல காத்து வாங்கிக்கிட்டு இருப்போம்னு பழைய வீட்டத் தேடி வாராங்க. ரொம்ப சந்தோஷம், வாங்க. ஆனா பெட்டிய எறக்கி வச்ச கையோட தெருவுல போர்வெல் லாரி வந்து நிக்குது பாருங்க, அதப் பாத்தாத்தான் எனக்கு வயித்துல புளியக் கரைக்குது.

நம்ம அப்பத்தாமாரு தண்ணி எடுத்தது எங்கன்னு நெனச்சுப் பாருங்க. கடல் கூப்பிடு தூரத்துல, மணல்ல கையால தோண்டுன ஊத்துல. தோண்டி முடிச்சதும் கலங்கலா வரும், அத எறைச்சு ஊத்திட்டு சும்மா உக்காந்து ஊர்க்கதை பேசணும், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சு வரும், அப்பறம் சிரட்டைய சாய்ச்சு மேலாப்புல மட்டும் கோரி குடத்துல விடணும். அவசரப்பட்டு அடியில விட்டு அள்ளுனா அப்பத்தா கையிலயே ஒண்ணு போடும். சின்னப்புள்ளையில அது ஏதோ மடி ஆசாரம்னு நெனச்சோம், இல்லீங்க, அதுல பெரிய கணக்கு இருக்கு.

மழைத்தண்ணி மணல்ல எறங்குது, கீழ உப்புத்தண்ணி கெடக்கு. உப்புத்தண்ணி கனம், நல்லதண்ணி லேசு, அதனால பால் மேல ஆடை மாதிரி நல்லதண்ணி மேல மிதக்குது. படிச்சவங்க இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்லதண்ணி நின்னா கீழ சுமாரா 40 அடிக்கு நல்லதண்ணி இருக்குமாம். இதயே திருப்பிப் போட்டுப் பாருங்க, மோட்டார் போட்டு மேல 1 அடிய உறிஞ்சி எடுத்தா கீழ இருந்து உப்பு 40 அடி வரைக்கும் ஏறி வரும். நாம காசு குடுத்து ஆழமா போர் எறக்குறது அந்த உப்புக்குள்ளதான். ஒங்க வீட்டுக் கொழாயோட போனாலும் பரவால்ல, பக்கத்து வீட்டுக் கெணறும் சேந்துல்ல கரிக்குது! காவிரித் தண்ணி வருதேன்னு சொல்லுவீங்க, வருது, வராத அன்னைக்கு தள்ளுவண்டியில கொடத்த அடுக்கிக்கிட்டு அலையுறது நம்ம பொம்பளைங்கதான்.

அடுத்தது வீடு. பழைய செவரு கிளிஞ்சல் சுண்ணாம்புல பூசுனது, சில வீட்டுல பவளப்பாறைக் கல்லே இருக்கும். அந்த சுண்ணாம்பு ஈரத்த வாங்கும், வெளியவும் விட்டுரும். எங்க சித்தப்பா வீட்டுல ஒரு காண்ட்ராக்டர் அது மேல சிமெண்ட அப்பி பளபளன்னு பெயிண்ட்டும் அடிச்சுக் குடுத்தாரு, உள்ள மாட்டுன ஈரமும் உப்பும் போக வழியில்லாம ரெண்டாவது மழைக்கே பூச்சு பாளம் பாளமா வந்துருச்சு. சரி இடிச்சுட்டு கான்கிரீட் போடுவோம்னா உப்புக்காத்து கம்பியப் புடிக்குது, துரு ஏறுன கம்பி ரெண்டு மடங்குக்கு மேல ஊதும், ஊதி கான்கிரீட்ட ஒடச்சுத் தள்ளும். அதுக்காக கான்கிரீட்டே வேணாம்னு நான் சொல்லல, கடல் மேல பாலமே கான்கிரீட்டுல கட்டியிருக்காங்க. ஆனா பவளக்கல் வீடு வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இடிக்காதீங்க, 2001ல பவளத்த வனவிலங்கு சட்டத்துல சேத்தாச்சு, இனி கடல்ல இருந்து அந்தக் கல்ல எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது.

போர் வேணாம்னா குளிக்கத் தண்ணிக்கு எங்க போறதுன்னு பின்னாடி ஒரு தம்பி கேக்குறாப்ல, நல்ல கேள்வி. அகலமா, ஆழமில்லாம ஒரு ஒறைக்கெணறு போதும், கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. மொட்டமாடியில விழுற ஐப்பசி கார்த்திகை மழைய தெருவுல விடாம அந்த மணல்லயே எறக்குங்க. மாடித்தண்ணிய மண்ணுக்குள்ள விட மெட்ராஸ்ல சட்டமே போட்டாங்களே, அங்க இருந்து கொண்டு வரணும்னா அதக் கொண்டு வாங்க, லாரிய விட்டுட்டு.

கடைசியா ஒண்ணு. பொறம்போக்குல இருக்குற பழைய ஊத்து மேல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு. கூட்டம் முடிஞ்சதும் வேர் தோண்ட யார் யார் வாறீங்கன்னு இங்கயே பேரு குடுத்துட்டுப் போங்க, கடப்பாரையும் டீயும் எம்பொறுப்பு.