2 ரூபிள் 40 கோபெக்: யெரெவான் அடுக்களையில் ஒரு வாக்குவாதம்

வணக்கம் நண்பர்களே. ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானிலிருந்து நான் பதிவு செய்யும் ஆறாவது காணொளி இது. இன்று கேஸ்கேட் படிக்கட்டுகளைக் காட்டுவதாகச் சென்ற முறை சொல்லியிருந்தேன். அதை ஒத்திவைக்கிறேன். நேற்று மாலை நான் வாங்கிவந்த ஒரு சின்னப் பாத்திரம் இந்த வீட்டு அடுக்களையில் இரண்டு மணி நேர வாக்குவாதத்தை மூட்டிவிட்டது. அதைச் சொல்லி முடிக்காமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

இதுதான் அந்தப் பாத்திரம். இதை இங்கே ஜஸ்வே என்கிறார்கள். காபித் தூளையும் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டு நுரை பொங்கும் வரை காய்ச்சுகிற, நீண்ட கைப்பிடி கொண்ட பித்தளைக் கிண்ணம். நான் தேநீரைத் தொடாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த ஊருக்கு வந்த முதல் நாளிலிருந்தே இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். கவிழ்த்துக் காட்டுகிறேன், அடிப்பாகத்தைப் பாருங்கள். ரஷ்ய எழுத்தில் 2 ரூபிள் 40 கோபெக் என்று அச்சுக் குத்தியிருக்கிறார்கள். ஒட்டிய சீட்டு அன்று, உலோகத்திலேயே பதித்த விலை. சோவியத் ஒன்றியத்தில் விலையை அரசு நிர்ணயித்தது. பல பொருள்களில் தொழிற்சாலையே அதைப் பதித்து அனுப்பியது. யெரெவானில் வாங்கினாலும் மாஸ்கோவில் வாங்கினாலும் இந்தக் கிண்ணத்துக்கு அதே 2 ரூபிள் 40 கோபெக்தான் கொடுத்திருப்பார்கள்.

நான் கொடுத்தது எவ்வளவு என்பதைச் சொல்கிறேன். வெர்னிசாஜ் சந்தையில், பழைய பதக்கங்களும் கேமராக்களும் பரப்பிய மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் முதலில் 14,000 திராம் கேட்டார். நான் 6,000 என்றேன். அவர் கிண்ணத்தைத் துணியால் துடைத்து மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டார். சந்தையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், 12,000 என்றார். அடுத்த சுற்றில் 10,000 ஆயிற்று. மூன்றாம் முறை சென்றபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் கடையைக் கட்டும் அவசரத்தில் இருந்தார். 8,500 திராமுக்கு முடிந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாய். இந்த ஆண்டின் பேரங்களிலேயே எனக்கு மிகப் பெரிய மனநிறைவைத் தந்தது இதுதான். மேசையில் இருந்த மற்ற இரண்டு ஜஸ்வேகளும் மெலிந்த அலுமினியம். அலுமினியத்தில் காய்ச்சிய காபியை நான் வாயில் வைக்க மாட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டின் பேத்தி மொழிபெயர்ப்புக்காக என்னுடன் வந்திருந்தாள். அவள் கேட்டபோதுதான் அந்தப் பெரியவர் ஒரு காலத்தில் கணிப்பொறிகளை வடிவமைத்த பொறியாளர் என்பது தெரிந்தது. யெரெவானில் 1956இல் ஒரு கணிப்பொறி ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இளம் கணித மேதை செர்கே மெர்கெல்யான் அதன் முதல் இயக்குநர். ஹிரஸ்தான், நயிரி என்னும் கணிப்பொறிகள் அங்கே உருவாயின. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அத்தகைய நிறுவனங்களுக்கு வேலை தந்த முதன்மை வாடிக்கையாளரான மாஸ்கோ மறைந்தது; பொறியாளர்கள் வீட்டிலிருந்த பொருள்களைச் சந்தையில் பரப்பினார்கள். பேரத்தில் நான் குறைத்த 5,500 திராமை இப்போது நினைத்தால் மனம் சற்றுக் கனக்கிறது.

இனி அடுக்களைக்கு வருகிறேன். இந்த வீட்டின் பாட்டியை எல்லோரும் தத்திக் என்கிறோம். ஆர்மீனிய மொழியில் அதற்குப் பாட்டி என்றுதான் பொருள். நான் கிண்ணத்தை மேசையில் வைத்ததும் அவர் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் நாளை என்ன விலை என்று யாரும் பயந்ததில்லை, மகளே" என்றார். அடுப்பருகே நின்ற அவருடைய மகன் உடனே திரும்பி, "விலை இருந்தது அம்மா, கடையில் பொருள் இருந்ததா?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு மணி நேரம்.

தத்திக்கின் கதையைக் கேளுங்கள். ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள்மீது நடந்த 1915ஆம் ஆண்டின் இனப்படுகொலையிலிருந்து தப்பி லெபனானில் குடியேறிய குடும்பம் அவருடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்டாலின் அரசு உலகெங்கும் சிதறிய ஆர்மீனியர்களைத் தாயகத்துக்கு அழைத்தது. 1946 முதல் 1949 வரை ஏறத்தாழ 90,000 பேர் வந்தார்கள். அவர் ஐந்து வயதில் பெய்ரூட்டிலிருந்து கப்பலில் பாத்தூமி துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் யெரெவான் சேர்ந்தார். வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் 'அக்பார்' என்று அழைத்தார்கள். உடன்பிறந்தான் என்ற பொருளுடைய சொல் அது, ஆனால் ஏளனத்தோடு சொல்லப்பட்டது. ஊரில் நல்ல காபியைப் பழக்கியதே அக்பார்கள்தான் என்று தத்திக் பெருமையோடு சொல்கிறார். 1949 ஜூனில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் சைபீரியாவின் அல்தாய்ப் பகுதிக்கு நாடுகடத்தப்பட்டபோது, அவர்களில் தாயகம் திரும்பிய குடும்பங்களும் இருந்தன. தத்திக்கின் அடுத்த வீட்டுக்காரர்களும் அப்படித்தான் போனார்கள். இதையெல்லாம் பார்த்தவர்தான் அந்தக் காலத்தை இன்றும் நல்ல காலம் என்கிறார்.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. 1920 இறுதியில் செஞ்சேனை வந்தபோது ஆர்மீனியா என்பது பசியும் தொற்றுநோயும் அகதிகளும் நிறைந்த ஒரு துண்டு நிலம். 1926ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கே 9 லட்சம் பேர்கூட இல்லை. 1989இல் 33 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் தமானியான் 1924இல் திட்டம் வரைந்த யெரெவான், 65,000 பேர் வாழ்ந்த புழுதி ஊராக இருந்து 12 லட்சம் பேரின் நகரமாயிற்று. தத்திக்கின் தகப்பனாருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தத்திக்குக்குச் செவிலியர் படிப்பு கிடைத்தது. பின்னர் அரசு வீடும் கிடைத்தது. தாய் அகதியாக அலைந்த ஒரு பெண்ணுக்கு இவை மூன்றும் எத்தகைய பொருளுடையவை என்பதை உணராமல் கம்யூனிசத்தை ஒரே வாக்கியத்தில் தூக்கி எறிபவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் பல்கலைக்கழகத்தையும் கம்யூனிஸ்டுகளே தந்தார்கள் என்று தத்திக் சொன்னதை நான் மறுத்தேன். அது 1919இல், செஞ்சேனை வருவதற்கு முன்பிருந்த முதல் ஆர்மீனியக் குடியரசின் காலத்திலேயே நிறுவப்பட்டது.

மகன் எடுத்து வைத்த மறுபக்கமும் பொய்யன்று. பள்ளிக்கூடங்களைத் திறந்த அதே ஆட்சியில்தான் கவிஞர் யெகிஷே சாரென்ட்ஸ் 1937இல் சிறையில் இறந்தார்; ஆர்மீனியத் திருச்சபையின் தலைவர் முதலாம் ஹோரென் 1938இல் கொல்லப்பட்டார். தத்திக் இதற்கு வாய் திறக்கவில்லை. பிறகு மகன் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசினார். 1988 டிசம்பர் 7, காலை 11:41. ஸ்பிதாக் நகரம் தரைமட்டமாயிற்று; லெனினாக்கானில், அதாவது இன்றைய கியூம்ரியில், ஒன்பது மாடிக் குடியிருப்புகள் அப்படியே சரிந்தன. குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேர் வீடிழந்தார்கள். பள்ளி நேரமாதலால் குழந்தைகள் வகுப்பறைகளில் இருந்தார்கள். அதே நகரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல் வீடுகள் பல நின்றுவிட, புதிய குடியிருப்புகள் நொறுங்கியது எதனால்? நிலத்தின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் கட்டினார்கள், கட்டுமானத்தின் தரமும் மோசமாக இருந்தது. மாடிகளின் எண்ணிக்கையைக் காட்டி இலக்கை முடித்துவிட்டதாக எழுதினால் போதும் என்ற ஏற்பாட்டில், சுவரின் வலிமையைக் கேட்கும் உரிமை அதில் குடியேறப்போகிறவருக்கு இல்லை. கம்யூனிச ஆட்சியின்மீது நான் வைக்கும் குற்றச்சாட்டுகளில் முதன்மையானது இது.

அப்படியானால் சந்தைப் பொருளாதாரம் வந்ததும் விடிந்துவிட்டதா? 1991 செப்டம்பர் 21 அன்று மக்கள் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதே ஆண்டில் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு நிலம் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு எக்டேர். நிலம் வந்தது, டிராக்டரும் எரிபொருளும் வரவில்லை. கராபாக் மலைப்பகுதிக்காக அஸர்பைஜானுடன் நடந்த போரை ஒட்டி அந்த நாடு பாதைகளை அடைத்தது, 1993இல் துருக்கியும் எல்லையை மூடியது. நிலநடுக்கத்துக்குப் பின் மெட்ஸாமோர் அணுமின் நிலையம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. 1995இல் அதன் ஓர் உலை மீண்டும் இயங்கும் வரை, ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரமே மின்சாரம் இருந்தது. அந்த ஆண்டுகளை இங்கே இருண்ட ஆண்டுகள் என்கிறார்கள். தெருமரங்களை வெட்டினார்கள், மரத்தரையைப் பெயர்த்தார்கள், புத்தகங்களை எரித்தார்கள். எரித்த இரும்பு அடுப்பின் பெயர் 'புர்ஷுய்கா'. பூர்ஷ்வா என்ற சொல்லிலிருந்து ரஷ்ய மொழியில் பிறந்த பெயர் அது. அந்த அடுப்பின் புகைப்போக்கி நுழைந்த ஓட்டையை அடைத்த வட்டம் இந்த அடுக்களைச் சன்னலின் மேல்மூலையில் இன்னும் தெரிகிறது. கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.

கிண்ணத்தின் விலைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இரவு முழுவதும் அந்தக் கணக்கே என் மனத்தில் ஓடிற்று. 1993 நவம்பர் 22 அன்று திராம் அறிமுகமானபோது 200 ரூபிளுக்கு ஒரு திராம் கொடுத்தார்கள். ஒரு ரூபிளுக்கு 100 கோபெக், ஒரு திராமுக்கு 100 லூமா. ஆகவே 2 ரூபிள் 40 கோபெக் என்பது 1.2 லூமா. அடித்த நாணயங்களில் மிகச் சிறியது 10 லூமா. அந்தக் கணக்குப்படி அந்த ஒரு சில்லறைக் காசுக்கு இத்தகைய எட்டுக் கிண்ணங்கள் வாங்கலாம். அதற்கு முன்பே ரூபிள் மதிப்பிழந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது உண்மைதான். ஆனால் தத்திக் செவிலியராக இருபத்தைந்து ஆண்டுகள் சேமித்த தொகை போன வழியும் இதுதான். மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் கடைசியில் சில கிலோ உருளைக்கிழங்கு வாங்கினாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. என்னால்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மகன் சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்துப் பேசினாரே தவிர, அதனால் அதிகம் இழந்தவர் அவர். பதினேழு ஆண்டுகள் மார்ச்சில் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் டிசம்பரில் திரும்பியிருக்கிறார். இதை இங்கே 'கோபான்' போவது என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பண்படுத்தாத தரிசு நிலம் என்று பொருள். தந்தை இல்லாத கோடைகளிலேயே பேத்தி வளர்ந்தாள். 1989இல் 33 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 29 லட்சம்தான்.

இங்கேதான் நான் குறுக்கிட்டுக் கேட்டேன்: "இத்தனைக்குப் பிறகும் நீங்கள் ஏன் இந்தக் காலத்தையே ஆதரிக்கிறீர்கள், அண்ணா?" அவர் சொன்ன பதில் 2015ஆம் ஆண்டைப் பற்றியது. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 திராம் உயர்த்த முடிவானபோது, யெரெவானின் பாக்ராம்யான் சாலையில் இளைஞர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். காவல்துறை நீர் பீய்ச்சியடித்தது; மறுநாள் முன்பைவிடப் பெரிய கூட்டம் வந்தது. கோபானிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது தன் மகளும் அந்தச் சாலையில் இருந்தாள் என்றார். "இந்தக் கிண்ணத்தில் குத்திய விலையை எதிர்த்து யாராவது சாலையில் உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டார். தத்திக் விடவில்லை. 1965 ஏப்ரல் 24 அன்று இனப்படுகொலையின் 50ஆம் ஆண்டு நினைவுக்காக யெரெவான் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டதையும், தானும் அதில் நடந்ததையும், இரண்டே ஆண்டுகளில் த்சித்செர்னாகபெர்த் நினைவிடம் எழுந்ததையும் நினைவூட்டினார்.

என் கருத்தைக் கேட்டார்கள், சொன்னேன். முடிவெடுத்தவர்கள் இரு காலத்திலும் இந்த அடுக்களைக்கு வெளியே இருந்தார்கள் என்பதே என் மனத்தை உறுத்துகிறது. சேவான் ஏரிக் காணொளியில் ஒரு மடாலயத்துக்குப் படியேறிச் சென்றோம் அல்லவா, அந்தக் குன்று முன்பு தீவு. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் சோவியத் திட்டம் நீரை இறக்கியதில் மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் தாழ்ந்து தீவு கரையோடு ஒட்டிவிட்டது. தவறை உணர்ந்து, ஆர்ப்பா ஆற்று நீரைக் கொண்டுவரச் சுரங்கக் கால்வாய் வெட்டி 1981இல் திறந்தார்கள். பிறகு இருண்ட ஆண்டுகளில் மின்சாரத்துக்காக மீண்டும் அதே ஏரியைத் திறந்துவிட்டார்கள். நாம் நடந்த வடக்கு நிழற்சாலையையும் எண்ணிப்பாருங்கள். அது தமானியானின் வரைபடத்திலேயே இருந்த சாலை, 2007இல் திறக்கப்பட்டது. தனியார் சொத்துரிமையை ஏற்ற குடியரசே அதற்காகப் பழைய வீட்டுக்காரர்களை வெளியேற்றியது; ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் அவர்களில் சிலருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் ஒரு வேறுபாட்டை நான் சிறிதாக நினைக்கவில்லை. 1949இல் அல்தாய்க்குப் போனவர்களுக்கு வழக்குத் தொடுக்க எந்த நீதிமன்றமும் இல்லை. ஆகவே நிறுத்தித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மகனின் பக்கம்தான். ஆனால் தத்திக்கின் சேமிப்பை யாரும் ஈடுசெய்யவில்லை என்பதை மறக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

இதற்கிடையே ஒரு நல்ல செய்தியைத் தவறவிட்டேன். பேத்தி மென்பொருள் கற்றது தூமோ மையத்தில். அமெரிக்காவில் தொலைத்தொடர்புத் தொழிலில் செல்வம் ஈட்டிய ஆர்மீனியத் தம்பதியர் தொடங்கி, 2011இல் திறந்த அந்த மையத்தில் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் கட்டணமின்றிப் படிக்கலாம். சென்னை ஆர்மீனியன் தெருக் காணொளியில், வணிகர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் 18ஆம் நூற்றாண்டிலேயே விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்டத்தைத் தன் செலவில் நம் ஊரில் அச்சிட்டதைச் சொன்னேன். வெளிநாட்டில் ஈட்டிய பணம் தாயகத்தின் பிள்ளைகளைத் தேடிவரும் அந்த வழக்கம் இன்னும் நிற்பதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

இரவு பதினொன்றரை மணிக்குத் தத்திக் என் கையிலிருந்து ஜஸ்வேயை வாங்கி, புளித்த எலுமிச்சைத் தோலால் தேய்த்து, மூன்று பேருக்கும் காபி காய்ச்சினார். நுரை உடையும் முன் இறக்க வேண்டும் என்பதில் மட்டும் தாயும் மகனும் ஒரே கருத்து. நாளைக் காலை ரயிலில் கியூம்ரிக்குப் போகிறேன். நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிகமாகக் கொடுத்த 'தோமிக்' என்னும் தகரக் கூடுகளில் குடும்பங்கள் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததை அங்கேயே நின்று சொல்ல விரும்புகிறேன். போகும் வழியில் வெர்னிசாஜுக்கு அருகே இறங்கி, அந்தப் பெரியவர் இருந்தால் மீதி 5,500 திராமையும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். வார இறுதியில்தான் வருவார் என்கிறாள். அப்படியானால் ஞாயிறு வரை யெரெவானிலேயே இருப்பேன்.