கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கம்

(உப்புவெளியில் எங்கள் வாசிகசாலையில் பேசியது. வர முடியாமல் போன சிலர் எழுத்தில் கேட்டார்கள். பேசியதைப் பெரும்பாலும் அப்படியே தருகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளின் டியூஷனையும் அடுப்பு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள். என் அம்மாவின் தகப்பன் தம்பலகாமத்தில் பரியாரியார், அதாவது நாட்டு வைத்தியர். அவர் வீட்டு விறாந்தையில் மருந்துச் சரக்கு இடிக்கிற சத்தத்தில் வளர்ந்துவிட்டு, பிறகு வார்டில் சேலைன் ஏற்றப் பழகியவள் நான். நாட்டு மருந்து நல்லதா, இங்கிலீசு மருந்து நல்லதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் இரண்டையும் எடுக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஒன்றை எடுப்பதை மற்ற வைத்தியரிடம் சொல்கிறீர்களா?

என் அம்மா சொல்லவில்லை.

அம்மாவுக்கு பிரஷர். கிளினிக்கில் கொடுத்த குளிசைகளில் ஒன்று சலத்தைக் கூட்டி உப்பை வெளியேற்றுகிற வகை. அந்த வருடம் அவவுக்கு விடாத இருமல், யாரோ சொல்லி அதிமதுரக் கஷாயம் குடிக்கத் தொடங்கினா, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, காலையும் மாலையுமாக இரண்டு மாதத்துக்கு மேல். பிரஷர் ஏறியது. ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்கள். பிறகு ஒரு நாள் விடியற்காலை கட்டிலால் இறங்க ஏலவில்லை, கால் இரண்டும் பஞ்சு மாதிரி. பாரிசவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது.

அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்றொரு பொருள் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிப் போனால் அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அம்மா எடுத்த குளிசையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற குளிசைதான். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் தசை என்ன செய்யும்? இதயத் துடிப்புக்கூடக் குழம்பிப் போயிருக்கலாம். நான்கு நாள் வார்டில் ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள் என் மகள் அம்மம்மா ஆசைப்பட்டுக் கேட்டா என்று பிளாஸ்கில் கஷாயத்தை ஊற்றிக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

"ஏனம்மா சொல்லேல்ல?" என்று கேட்டேன். "சொன்னா ஏசுவாங்க மகள்" என்றா.

அவ சொன்னதில் பிழையில்லை. அதற்கு முந்திய வருடம் ஒரு கிளினிக்கில், முழங்காலுக்கு எண்ணெய் பூசியதற்காக, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவவை ஏசி அனுப்பியிருக்கிறார்கள். வெறும் எண்ணெய்க்கு. அதன் பிறகு அவ எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. மகள் தாதியாக இருந்தும் நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் இருக்கிற விஷயம்.

இங்கே வைத்தியத்துறையில் இருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், ஏசாதீர்கள். ஏச்சு வாங்கியவர் கஷாயத்தை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார்.

சரி, சீனி வருத்தத்துக்கு வருவோம், இந்த மண்டபத்தில் அது இல்லாத குடும்பம் இருக்காது. குறிஞ்சா இலையை எல்லோருக்கும் தெரியும். அந்த இலையைச் சப்பிவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுப் பாருங்கள், கடற்கரை மணல் மாதிரி இருக்கும். அந்த இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறிகிற இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கின்றன. சுண்டலாகச் சோற்றோடு சாப்பிடுவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அதையே தூளாக்கி, இன்சுலினோ கிளிக்லசைட் என்ற சீனி குறைக்கிற குளிசையோ எடுக்கிற ஒருவர் கரண்டி கரண்டியாக விழுங்கும்போது சீனி தேவைக்கு மேலே இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், இரவில் நித்திரையில் இருக்கும்போது இது வந்தால் பக்கத்தில் படுத்தவருக்கும் தெரியாது. இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். சீனி குறைந்துவிட்டது, இனிக் குளிசை வேண்டாம் என்று தாங்களே நிறுத்திவிடுவார்கள். கால் புண்ணோடு, பார்வை மங்கி, அவர்கள் திரும்பி வருவதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நிறுத்துகிற மெட்ஃபோர்மின் குளிசையே ஒரு மூலிகையின் வழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடி, அதிலிருந்த சீனி குறைக்கும் பொருளைப் பின்பற்றிச் செய்த மருந்தை 1957இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். ஆகவே குளிசை என்றால் இரசாயனம், இலை என்றால் இயற்கை என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலைக்குள் இருப்பதும் இரசாயனம்தான். குளிசையில் அதன் அளவு தெரியும், இலையில் தெரியாது.

நித்தியகல்யாணி இன்னும் நல்ல உதாரணம். கோவில் வீதியில், மதிலோரத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற செடி. ஜமெய்க்காவிலும் சனம் அதைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடித்தார்கள். அந்த இலை கனடாவிலுள்ள ஆய்வாளர்கள் கைக்குப் போனது. பரிசோதித்தால் சீனி குறையவில்லை, வெள்ளைக் குருதிக் கலங்கள் குறைந்தன. அந்த வழியில் 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது, அதே செடியிலிருந்து பிறகு வின்கிறிஸ்டின். இன்றைக்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் முக்கியமான மருந்து. அப்படியென்றால் பூவை அவித்துக் குடித்தால் புற்றுநோய் மாறுமா என்று கேட்பீர்கள். மாறாது. இலையில் அந்தப் பொருள் மிக மிகச் சொற்பம், மருந்தாக எடுக்கும்போது உடலின் அளவைப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் இரத்த நாளத்துக்குள் ஏற்ற வேண்டும், கூடிப் போனால் அதுவே நஞ்சு.

புற்றுநோய் பற்றி ஒன்று சொல்லாமல் போக மாட்டேன். 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடம்பில் பரவாத நிலையில் இருந்தும் வழமையான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழமையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு, மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேல். வாந்திக்கு, மனக் கலக்கத்துக்கு, நித்திரைக்கு மூச்சுப் பயிற்சியோ யோகாவோ பக்கத்துணையாக இருக்கட்டும், நானே சொல்லிக் கொடுப்பேன். ஆனால் சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப் போடாதீர்கள், தயவுசெய்து.

பாம்புக்கடிக்கும் அப்படித்தான். வயல் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், நஞ்சை முறிப்பது ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற நச்சுமுறி மருந்து மட்டும்தான். கீறுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். என் அம்மப்பாவே கடைசிக் காலத்தில் கடிபட்டு வந்தவர்களை வாசலில் வைத்தே வண்டி பிடித்து அனுப்பிவிடுவார். அவரை நான் மதிப்பது அதற்காகத்தான்.

கன்னியா வெந்நீரூற்றைப் பற்றியும் கேட்டீர்கள். அங்கே ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வந்தால் மூட்டு நோ குறைகிறது என்பது கற்பனை இல்லை. சூடு தசையைத் தளர்த்தும், ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவத்திலும் வெந்நீர்ப் பையும் மெழுகு ஒத்தடமும் அதற்குத்தான். தேய்ந்த மூட்டு அதனால் வளராது, அவ்வளவுதான். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்கள் எந்தச் சுடுநீரானாலும் வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

அப்புறம் யாரிடம் போவது. நம் இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி இரண்டையும் சேர்த்தே பேசுகிறது, வைத்தியர்கள் பதிவு செய்ய வேண்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து வருடம் உடற்கூறும் படித்து, ஒரு வருடம் பயிற்சியும் செய்துதான் வெளியே வருகிறார்கள். அப்படியானவரிடம் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், தைரியமாகக் கேட்கலாம். இணையத்தில் வாங்குகிற பேர் தெரியாத மாத்திரைகளை மட்டும் தொடாதீர்கள். 2008இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

இப்போது ஒரு வேலை. உங்கள் வருத்தத்தையும் மருந்தையும் எழுதித் தருகிற கிளினிக் கொப்பியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன், பாதிப் பேரின் கையில் காண்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். நாட்டு மருந்து, தைலம், தூள், தேநீர், நேர்த்திக்குக் குடிக்கிற தண்ணீர் உட்பட என்ன எடுக்கிறீர்களோ, எத்தனை நாளாக எடுக்கிறீர்களோ, அதை எழுதப் போகிறோம். அடுத்த முறை கிளினிக்கில் அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வையுங்கள், வாயால் சொல்லத் தயக்கமென்றால் சொல்லக்கூட வேண்டாம். சித்த வைத்தியரிடம் போகும்போதும் அதே கொப்பி போகட்டும். எழுத ஏலாதவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். என்ன குடித்தீர்கள் என்று கேட்பேன். ஏச மாட்டேன்.