லான்ஸ் ஆட்டம் எந்தச் சேனலில்?

[காட்சி: சமையலறை மேசை. அதன்மேல் ஒரு ரிமோட். குளிர்பெட்டியின் தலையில் பழைய ரேடியோ.]

வணக்கம். பாரிஸ் புறநகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், எனக்கு மேல்மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பிரான்ஸின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த லான்ஸ் நகரத்தில் பிறந்தவர். லான்ஸ் கால்பந்து அணியின் சிவப்பும் மஞ்சளுமான கழுத்துத் துண்டு அவர் வீட்டு வாசல் கொக்கியில் கோடைக்காலத்திலும் தொங்கும். 2024 ஆகஸ்டில் ஒரு மாலை என் கதவைத் தட்டினார். கையில் ரிமோட். "இந்த வருடம் லான்ஸ் ஆட்டம் எந்தச் சேனலில்?" என்று கேட்டார்.

ஒரே வாக்கியத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[காட்சி: விளக்கெரியும் மைதானம். நிரம்பிய இருக்கைகள்.]

பிரான்ஸில் லீக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றால், உடனே பலர் சொல்லும் காரணம் "மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்பது. நான் இதை ஏற்கவில்லை. 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவுடன் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை, காசு கட்டாமல் பார்க்கக்கூடிய டிஎஃப்1 சேனலில் 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரெஞ்சுத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே அதுதான் உச்சம். மைதானங்களும் காலியாகவில்லை. 2023-24 பருவத்தில் முதல்நிலை லீக் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 27,000 பேர் நேரில் வந்தார்கள். லான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் மக்கள்தொகை 32,000 அளவில்தான். மைதானத்திலோ 38,000 இருக்கைகள். அவை நிரம்புகின்றன.

ஆக, மைதானத்தில் கூட்டம் இருக்கிறது, உலகக் கோப்பைக்கும் கூட்டம் இருக்கிறது. வாராவாரம் நடக்கும் லீக் ஆட்டம்தான் வீட்டுக் கூடத்திலிருந்து வெளியேறிவிட்டது. அது எப்படி வெளியேறியது?

[காட்சி: 1980களின் தொலைக்காட்சிப் பெட்டி. திரையில் கோடுகோடாகச் சிதறிய படம்.]

1984க்குப் போவோம். நவம்பர் 4 அன்று கனால் பிளஸ் தொடங்கியது. பிரான்ஸில் மாதக் கட்டணம் வாங்கிய முதல் சேனல் அது. ஐந்தே நாளில், நவம்பர் 9 அன்று, நான்ட் அணிக்கும் மொனாக்கோ அணிக்கும் நடந்த லீக் ஆட்டத்தை நேரலையில் காட்டினார்கள். கட்டணம் கட்டியவருக்கு ஒரு பெட்டி தருவார்கள். அது இல்லாதவர் திரையில் படம் கிழிந்து கிழிந்து ஓடும். குரல் கரகரவென்று உடைந்து வரும். சல்லடையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து வேகமாக ஆட்டினால் படம் ஓரளவு சேர்ந்து தெரியும் என்று அந்நாளில் நாடு முழுக்க ஒரு பேச்சு இருந்தது. பெரியவர் தன் மனைவியின் சல்லடையோடு முயன்று பார்த்ததைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சந்தா கட்டிவிட்டார். அன்றிலிருந்து விடாமல் கட்டி வந்தார்.

அன்றும் கால்பந்து இலவசமாக வரவில்லை. காசு கொடுத்துத்தான் பார்த்தார்கள். ஆனால் வாசல் ஒன்றுதான். ஆட்டம் எங்கே வரும் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியை முடுக்கினால் போதும். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பது ஒரு வழக்கம். தினமும் போகும் டீக்கடையைப் போல, யோசிக்காமல் கால் தானாகப் போக வேண்டும். இந்தக் கதையின் உயிர்முடிச்சு அதுதான்.

பிறகு போட்டிக்கு ஆட்கள் வந்தார்கள். 2008இல் ஆரஞ்ச் தொலைபேசி நிறுவனம் ஒரு பங்கை வாங்கியது. 2012இல் கத்தார் பணத்தோடு பீஇன் ஸ்போர்ட்ஸ் வந்தது. அப்போதும் கனால் பிளஸ் நடுத்தூணாக நின்றதால் கூரை விழவில்லை.

[திரையில் எழுத்து: 2018 மே 29]

கூரை விழத் தொடங்கியது இந்த நாளில். 2020 முதல் 2024 வரையிலான ஒளிபரப்பு உரிமைக்கு லீக் நிர்வாகம் ஏலம் விட்டது. மொத்த விலை ஆண்டுக்கு 115 கோடி யூரோவைத் தாண்டியது. பெரும்பங்கை எடுத்தது மீடியாப்ரோ என்ற ஸ்பானிய நிறுவனம். 1984 முதல் லீக்கைத் தாங்கிய கனால் பிளஸ் ஏலத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியது. கால்பந்துக் கழகங்கள் கொண்டாடின. வராத பணத்தை நம்பிச் செலவுத் திட்டம் போட்டன.

அன்றே யாராவது ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கலாம். நாமே போடுவோம்.

[திரையில் கணக்கு, ஒவ்வொரு வரியாக.]

மீடியாப்ரோ தர ஒப்புக்கொண்டது ஆண்டுக்கு 80 கோடி யூரோவுக்கு மேல். அதன் டெலெஃபூட் சேனலுக்கு மாதக் கட்டணம் 25.90 யூரோ, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 311. உரிமைத் தொகையை மட்டும் ஈடுகட்டவே 26 லட்சம் வீடுகள் வேண்டும். வரி, கேமரா, சம்பளம், சேனலை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்களின் பங்கு எல்லாம் சேர்த்தால் 35 லட்சம். மீடியாப்ரோவே சொன்ன இலக்கும் அதுதான். சேர்ந்தவர்களோ 6 லட்சம் அளவில்தான். 2020 அக்டோபரில் 17.2 கோடி யூரோ தவணையைக் கட்டவில்லை. 2021 பிப்ரவரியில் சேனலே அணைந்தது. நோய்த்தொற்றுக் காலம் நிலைமையை மோசமாக்கியது உண்மை. ஆனால் கணக்கு அதற்கு முன்பே உதைத்துக்கொண்டிருந்தது.

இதன் அடி எங்கே விழுந்தது என்று கேட்டால், போர்தோவைப் பாருங்கள். ஆறு முறை நாட்டின் சாம்பியனான கழகம். நோய்த்தொற்றையும் மீடியாப்ரோவின் விலகலையும் காரணம் சொல்லி, 2021 ஏப்ரலில் அதன் உரிமையாளரான முதலீட்டு நிறுவனம் கைகழுவியது. 2024 கோடையில் அந்தக் கழகம் தொழில்முறைத் தகுதியையே விட்டுக்கொடுத்து நான்காம் நிலைக்கு இறங்கியது. போர்தோ ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. இந்த ஏலத்தில் அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை.

[காட்சி: கைப்பேசித் திரை, தொலைக்காட்சித் திரை, பல செயலிகளின் சின்னங்கள்.]

2021இல் அமேசான் வந்தது. வாரத்தின் பத்து ஆட்டங்களில் எட்டு, ஆண்டுக்கு 25 கோடி யூரோவுக்கு. ஏலத்தில் தோற்ற பிறகு பீஇன்னிடமிருந்து மீதி இரண்டு ஆட்டங்களை எடுத்து, அந்தப் பழைய ஒப்பந்தத்தில் சிக்கியிருந்த கனால் பிளஸ், அவற்றுக்கு 33.2 கோடி கட்ட வேண்டியிருந்தது. எட்டுக்குக் கட்டுவதைவிட இரண்டுக்குக் கட்டுவது அதிகம்! அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லீக்கை மக்களிடம் கொண்டுசேர்க்கக் கற்றிருந்த ஒரே சேனல், லீக்கோடு மனம் முறிந்தது. பறிபோன இந்த உறவை நான் பணத்தைவிடப் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் மேல்மாடிப் பெரியவரின் கதை வலிக்கிறது. 2022-23இல் லான்ஸ் அணி ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன் பட்டத்தைத் தவறவிட்டது. பாரிஸ் 85, லான்ஸ் 84. 1998இல் பட்டம் வென்றதற்குப் பிறகு ஊருக்கு அப்படி ஒரு வருடம் வாய்க்கவில்லை. இவரிடம் இருந்ததோ பழைய கனால் பிளஸ் சந்தா மட்டும். அதில் வந்த ஆட்டங்களைப் பார்த்தார். மற்றவற்றைச் சமையலறையில் நின்றபடி ரேடியோவில் கேட்டார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த பருவம், கண்ணில் படாமல் காதோடு போயிற்று.

[திரையில் எழுத்து: 2024]

அமேசானும் விலகியது. புதிய உரிமை யாருக்கு என்பது ஜூலை வரை இழுபறி. ஆகஸ்ட் 16 அன்று முதல் ஆட்டம். அணிகள் குறைந்ததால் வாரத்துக்கு ஒன்பதாகிவிட்ட ஆட்டங்களில் எட்டை டசோன் என்ற இணையத் தளம் ஆண்டுக்கு 40 கோடிக்கு எடுத்தது. ஓராண்டுக்குக் கட்டுண்டால் மாதம் 29.99 யூரோ, இல்லையென்றால் 39.99. மீதி ஒரு ஆட்டம் பீஇன் சேனலில், அதற்குத் தனியாக 15 யூரோ. ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பார்க்கக் கனால் பிளஸ். இதை அந்த மாலை பெரியவரின் மேசையில் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். தாளை வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ரசிகர்கள் மைதானங்களிலேயே டசோனை எதிர்த்துப் பதாகை பிடித்தார்கள். பலர் டெலிகிராம் வழியே திருட்டு ஒளிபரப்புக்குப் போனார்கள். திருட்டை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் விலையும் குழப்பமும் சேர்ந்து இத்தனை பேரை அந்தப் பக்கம் தள்ளியதை மறைக்கவும் மாட்டேன். 2025 பிப்ரவரியில் டசோன் 7 கோடித் தவணையில் பாதியைத்தான் கட்டியது. ஒப்பந்தம் ஒரே பருவத்தில் முடிந்தது.

"நட்சத்திரங்கள் போய்விட்டார்கள், எப்போதும் பாரிஸ்தான் ஜெயிக்கிறது, பிறகு யார் பார்ப்பார்கள்?" என்றும் கேட்கிறார்கள். மெஸ்ஸியும் நெய்மாரும் 2023இலும் எம்பாப்பே 2024இலும் போனது உண்மை. 2013 முதல் 2025 வரை பதின்மூன்று பட்டங்களில் பதினொன்று பாரிஸுக்கு என்பதும் உண்மை. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் லான்ஸ் ரசிகன் லான்ஸைப் பார்க்கத்தான் வருகிறான். அவனுக்கு எம்பாப்பே தேவையில்லை.

எனக்கு அதிகக் கவலை பிள்ளைகளைப் பற்றி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, புரியாமலே தொண்ணூறு நிமிடம் பார்த்துத்தான் ஒரு பிள்ளை ரசிகனாகிறான். கூடத்தில் ஆட்டம் ஓடாத வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கைப்பேசியில் கோல் மட்டும் துண்டாகக் கிடைக்கிறது. இருபதாவது வயதில் அவனிடம் போய் மாதச் சந்தா கேட்டால் எதற்கு என்றுதான் கேட்பான்.

[காட்சி: மீண்டும் அதே சமையலறை.]

2025 ஆகஸ்டில் லீக் நிர்வாகம் தன் சொந்தச் சேனலைத் தொடங்கியது. பெயர் லீக் 1 பிளஸ். தொடக்க விலை, ஓராண்டுக்குக் கட்டுண்டால், மாதம் 14.99 யூரோ. சில வாரங்களிலேயே சந்தாதாரர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். இத்தனை அடிக்குப் பிறகும் இவ்வளவு பேர் திரும்பி வந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் கழகங்களுக்கு முன்பு நிச்சயமாக வந்த தொகை இப்போது சந்தாவைப் பொறுத்தது. 2025-26 பருவத்திலும் வாரத்தில் ஒரு ஆட்டம் பீஇன் கையில்தான்.

பெரியவரின் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அவர் தொலைக்காட்சியில் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெரிய எழுத்தில் வாரம், கிழமை, நேரம், லான்ஸ் யாருடன் ஆடுகிறது, எந்தச் சேனல். ஒவ்வொரு வாரமும் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுகிறார். சேனல் என்ற இடத்தில் பீஇன் என்று வந்தால், பக்கத்தில் ரேடியோ என்று எழுதுகிறார்.