தொடர் நாவல்கள் பிறப்பது கதையின் தேவையால்தான்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "எழுத்தாளர்கள் ஒரு நாவலோடு நிறுத்தாமல் தொடர்ந்து எழுதுவது சந்தைக்காகவா, கதைக்காகவா?" இதுதான் தலைப்பு. கதைக்காகவே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாட்சிக்கு அழைத்தார். 1893-இல் எழுத்தாளர் கானன் டாயில் ஹோம்ஸைச் சாகடித்தார். 1903-இல் உயிரோடு திரும்ப வைத்தார். எல்லாம் பணம் செய்த வேலை என்றார். சரி, அங்கே பணமும் பேசியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோம்ஸ் கதைகளில் ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. எதை முதலில் எடுத்தாலும் புரியும். அதை வைத்து எல்லாத் தொடர்களையும் எடைபோட முடியாது. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 26 நாவல்களாக எழுதினார். அச்சுப் புத்தகமாகவும் வந்தது. ஆனால் 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் காசு வாங்காமல்தான் கொடுத்தார். பணம்தான் நோக்கம் என்றால் யாராவது அப்படிச் செய்வார்களா?

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவைப் பாருங்கள். ஒரே குடும்பத்தின் கதையைப் பத்து நாவல்களில் முடிக்கத் திட்டம் போட்டார். அது இருபது ஆனது. 1871-இல் தொடங்கி 1893-இல்தான் முடிந்தது. அதில் 1877-இல் வந்த ஒரு நாவலில் ஜெர்வேஸ் என்ற பெண் பாரிஸில் துணி வெளுத்துப் பிழைக்கிறாள். கடை வைத்து நிமிர்கிறாள். கூரை வேலை செய்யும் கணவன் தவறி விழுந்து, பிறகு குடியில் விழுகிறான். அவளும் விழுகிறாள். கடைசியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் சாகிறாள். அவள் மகன் எத்தியேன் அங்கே ஓரத்தில் வந்துபோகும் சிறுவன். 1885-இல் வந்த 'ஜெர்மினால்' நாவலில் அவனே சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைவன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம், "என் அம்மா பாரிஸில் துணி வெளுக்கிறாள்" என்கிறான். முந்தைய நாவலைப் படித்தவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். தாயின் முடிவு நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இந்த வலியை எந்தத் தனி நாவல் இப்படிக் கொடுக்கும்?

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. பிறகுதான் 'சிவகாமியின் சபதம்'. ஆனால் கதையின் காலப்படி சிவகாமிதான் முன்னால் வருகிறாள். புகழ்பெற்ற கதையை இழுத்துக்கொண்டே போவது மட்டும் நோக்கமென்றால், பார்த்திபன் கனவின் நாயகனான சோழ இளவரசன் விக்கிரமனுக்குப் பிறகு அவன் பிள்ளை, பேரன் என்று முன்னால் போயிருக்கலாம். கல்கி பின்னால் போனார். ஏன்? பார்த்திபன் கனவில் சிவனடியார் வேடத்தில் திரிந்த நரசிம்ம பல்லவர் அவரை விடவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். போரில் மாண்ட எதிரிக்கு, விக்கிரமனின் தந்தை பார்த்திபனுக்கு, கொடுத்த வாக்குக்காக ஒரு சக்கரவர்த்தி இவ்வளவு பாடுபடுகிறார் என்றால், அந்த மனிதர் இளமையில் எதைத் தொலைத்தார்?

அதற்கான பதில்தான் அடுத்த நாவல். மாமல்லர் என்ற அதே நரசிம்மர் நடனப் பெண் சிவகாமியை நேசித்தார், சேர முடியவில்லை. சாளுக்கியரின் வாதாபியை எரித்து அவள் சபதத்தை முடித்தும் சேர முடியவில்லை. அவர் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டார். சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொண்டாள்.

நான் பார்த்திபன் கனவைப் பள்ளி நாளில் படித்தேன். மாமல்லரின் மகள் குந்தவியும் விக்கிரமனும் சேர்ந்தார்கள் என்று மகிழ்ந்து மூடி வைத்தேன். அப்புறம் சிவகாமியைப் படித்துவிட்டு மறுபடியும் அதைத் திறந்தேன். தன் மகள் எதிரியின் மகனை நேசிக்கிறாள் என்று தெரிந்தும், அவனுக்குச் சுதந்திர சோழ நாட்டையும் கொடுத்து, மகளையும் கொடுக்கிறாரே அந்தத் தகப்பன்! அதே பக்கங்கள்தான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் இந்த முறை நான் குந்தவியைப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே, அவளுக்குப் பக்கத்தில் நின்ற மாமல்லரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.