கத்தி வேஷம் கட்டிய ஜோக்கர்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காட்டுப் பக்கம் கோயில் திருவிழாக்களில் கதகளி பார்த்தவர்களுக்குத் தெரியும், ராவணனும் கீசகனும் துரியோதனனும் கத்தி வேஷக்காரர்கள். முகத்தில் நாயகனுக்குரிய அதே பச்சைதான். அதன்மேல் கத்தி வளைவாகச் சிவப்பு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு உறுமி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டுவானே, அந்தத் திரநோட்டத்துக்காகவே கண் முழித்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களே, "வில்லனை வைத்து சூப்பர்ஹீரோ காமிக்ஸா? அதில் என்ன இருக்கப்போகிறது?" என்று கேட்பதுதான் வேடிக்கை.

தமிழுக்கும் இது புதிதல்ல. 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் மூலத்தில் குற்றவாளியாகத்தான் கிளம்பினார். லயன் காமிக்ஸ் கொண்டுவந்த கூர்மண்டை ஸ்பைடருக்கோ குற்றச் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பதே ஆசை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1954-ல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிகளில், குற்றவாளி தண்டனை பெற்றே தீர வேண்டும் என்று இருந்தது. 1940-ல் பிறந்த, பேட்மேனின் வில்லன் ஜோக்கருக்கு 1975-ல் தனி இதழ் தொடங்கினார்கள். 9 இதழோடு நின்றது. ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்ள வேண்டியவனை வைத்து எத்தனை நாள் கதை ஓட்டுவது?

சந்தேகத்தோடு வருபவர் மாத இதழ் ஒன்றை நடுவில் எடுத்தால் கெட்டது. இருபத்துச் சொச்சம் பக்கம்தான் இருக்கும். பாதிக் கதை வேறு தொடரில் கிடக்கும். ஒரே புத்தகத்தில் முடிவதை எடுங்கள். ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்து 1988-ல் வந்த 'தி கில்லிங் ஜோக்' ஐம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் பக்கங்களில் பேச்சு இல்லை. மழை, மனநலச் சிறை, ஒரு அறை, மேசையில் சீட்டு விழும் ஒலி. வசனம் தேடிப் புரட்டிவிடாதீர்கள். ஜோக்கரைப் பார்க்க வந்த பேட்மேன், எதிரில் இருப்பவனின் கையைப் பிடிக்கிறார். கையுறையில் வெள்ளைச் சாயம் ஒட்டுகிறது. அவ்வளவுதான், உள்ளே உட்கார்ந்திருப்பவன் ஜோக்கர் இல்லை! வேஷம் கலைந்ததைப் படம்தான் சொல்கிறது. எழுத்தை மட்டும் படித்துப் போகிறவருக்கு இந்த இடம் பாதிதான் கிடைக்கும்.

அடுத்தது, காலம் மாறும் இடங்கள். இன்றைய கட்டத்தில் ஒருவர் நிற்கும் தோரணையே அடுத்த கட்டத்தில் ஜோக்கரின் பழைய நாளில் தொடரும். கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் இந்த ஒட்டு அறுந்துவிடும். முழுப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிறகு கட்டத்துக்குள் போங்கள்.

பதிப்பையும் கவனியுங்கள். 1988-ல் ஜான் ஹிக்கின்ஸ் பூசிய வண்ணம் கண்ணைப் பறிக்கும். 2008 பதிப்பில் போலண்டே திரும்ப வண்ணம் தீட்டினார். பழைய நாட்கள் நிறம் வெளுத்து, ஆங்காங்கே ஒரு பொருள் மட்டும் சிவப்பாகத் தெரியும். முதல் தடவை படிப்பவருக்கு இதுவே வசதி.

அந்தப் பழைய கதையை அப்படியே நம்பியும் விடாதீர்கள். தன் கடந்தகாலம் ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கரே சொல்கிறான். பரிதாபத்துக்குரிய ஏழை நகைச்சுவைக்காரன் என்று உருகுபவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான்.

குறையும் இருக்கிறது, பெரிய குறை. போலீஸ் கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவை ஜோக்கர் சுடுகிறான். அதன்பின் கதை அவளைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அப்பாவை நோகடிக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு எட்டும் அலமாரியில் இதை வைக்க வேண்டாம். அட்டையில் ஜோக்கர் ஒரு கேமராவை நம் பக்கம் திருப்பிச் சிரிக்கிறான். அதில் யாரைப் படம் பிடித்தான் என்று படித்தபிறகு அந்த அட்டையை இன்னொரு தடவை பாருங்கள்.