ஜன்னலுக்கு வெளியே அரை நிமிடம்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

இயற்கை மனத்துக்கு இதமளிக்கும் என்று சொன்னவுடனே அருவியும் மலைச்சிகரமும் கடற்கரையும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவையெல்லாம் விடுமுறை எடுத்து, பெட்டி கட்டிப் புறப்பட்டுப் போய்ப் பார்க்க வேண்டியவை. நான் பேச வந்தது அவற்றைப் பற்றியன்று. பேருந்துக்காக நிற்கையில் தலைக்கு மேலே ஓர் இலை அசைவதைக் காரணமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாயார் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் பதினொரு நாள் தங்க நேர்ந்தபோது, துணைக்கு நான் இருந்தேன். நோயாளிக்குத் துணையிருந்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும்; இரவில் தூக்கமில்லை, பகலில் மருந்துச் சீட்டும் ரசீதுமாக மாடிப்படி ஏறி இறங்குவதே வேலை. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் சட்டத்தின் வெளிமூலையில் பட்டாணி அளவுக்கு ஈரமண் ஒட்டியிருப்பதைக் கண்டேன். சிறிது நேரத்தில் ஒரு குளவி வாயில் மண்ணுருண்டையுடன் வந்து, மெல்லிய ரீங்காரத்தோடு அதை இழுத்துப் பூசிவிட்டுப் பறந்தது. மறுபடியும் வந்தது, மறுபடியும் பூசியது. என்னையறியாமல் அடுத்த வரவுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். மாலைக்குள் விரல்நுனி நீளத்தில் ஓர் அறை எழுந்துவிட்டது. பிறகு அது சிலந்திகளைக் கொட்டி, அசையாமல் செய்து கொண்டுவந்து அடுக்கி, வாயை மண்ணால் அடைத்தது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் மொழியில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் கொட்டப்பட்ட புழுவோ சிலந்தியோ எதுவாகவும் மாறுவதில்லை, பாவம், அது உணவாகிவிடுகிறது. அதனோடு சேர்த்து இடப்பட்ட முட்டையிலிருந்து வருவதே குளவி. இதை என் தாயாரிடம் விளக்கியபோது அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கண் விழித்ததும், “இன்றைக்கு எத்தனையாவது அறை?” என்று கேட்டார். தம் வலியைப் பற்றியல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இப்படி ஒரு மருத்துவமனையின் ஜன்னல்களை வைத்தே ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியம் மிகுந்த வலிமருந்துகளையும் குறைவாகவே கேட்டார்கள். மிகச் சிறிய ஆய்வுதான். அதைக்கொண்டு எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. என்றாலும், அவர்கள் காட்டுக்குள் போகவில்லை, கட்டிலில் படுத்தபடி பார்த்தார்கள், அவ்வளவுதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி? ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற உளவியலாளர் தம்பதியர் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. கணக்குப் பார்க்கவும் வண்டி ஓட்டவும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் உழைத்துக் களைக்கிறது. மேகமும் நீரோட்டமும் இலையசைவும் தாமாக ஈர்க்கும் கவனத்துக்கு உழைப்பில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வு கொள்கிறது. கைப்பேசியும்தான் தானாக ஈர்க்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஈர்க்கிறது, ஆனால் மனத்தில் வேறு எதற்கும் இடம் வைக்காமல் ஈர்க்கிறது. குளவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மருத்துவக் கட்டணத்தையும் நினைக்கலாம், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. அது நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்: அது நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொரு செய்தி. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மரங்களுக்கிடையே நடந்து வந்தவர்கள், கேட்ட எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வதில், போக்குவரத்து மிகுந்த சாலையில் நடந்தவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். கடுங்குளிரில் நடந்தவர்கள் அந்த நடையை அவ்வளவாக விரும்பவில்லை. ஆயினும் அவர்களுக்கும் பலன் கிடைத்தது. ரசிக்கத் தெரியவில்லையே என்று தயங்குகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அதே வேளையில், மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வுக்கு இலையும் மேகமும் மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மண்வாசனை, பறவைக் குரல், இரவு வானம் என மூன்றையும் விரிவாகப் பேசக் குறிப்பெழுதி வந்திருந்தேன். குளவி என் நேரத்தைத் தின்றுவிட்டது. மண்வாசனையைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம்: மழை தொட்ட மண்ணிலிருந்து எழும் அந்த வாசனையில் ஜியோஸ்மின் என்ற பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அதை, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். கண்ணாடிக்கு அப்பால் நண்பர் கைகாட்டுகிறார். இந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் இல்லை. வரும்போது வானம் இருண்டிருந்தது, வெளியே மழை தொடங்கிவிட்டதா என்று போய்ப் பார்க்கிறேன். வணக்கம்.